போய்வர முடியாத சொந்த ஊர்: சாகோஸ் மக்கள் ஒரு தீவை ஏன் இன்னும் விடாமல் நேசிக்கிறார்கள்?

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு '.ஐஓ' என்று முடியும் இணைய முகவரிகள் நன்றாகவே பழக்கம். ஸ்டார்ட்அப் கம்பெனிகள், கேமிங் தளங்கள், டெவலப்பர் டூல்கள் என எங்கு பார்த்தாலும் அதுதான். 'இன்புட், அவுட்புட்' என்பதன் சுருக்கமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், இந்தியாவுக்கு '.இன்' போல, அது ஒரு நிலப்பகுதிக்குக் கொடுக்கப்பட்ட குறியீடு. 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்பது அந்த நிலப்பகுதியின் பெயர். சாகோஸ் தீவுக்கூட்டம் என்றால் இன்னும் எளிதாகப் புரியும்.

அந்த முகவரியை விற்கிற வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால், அந்த மண்ணில் பிறந்த மக்களுக்கு அதில் பங்கு கிடையாது. பங்கு இருக்கட்டும், அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் வாழ்வதற்கே அனுமதி கிடையாது. 50 ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "எங்களை ஊருக்குப் போக விடுங்கள்."

ஒரு தீவின் மீது மனிதர்களுக்கு எவ்வளவு பாசம் இருக்க முடியும்? அந்தப் பாசத்தை ஒரு வல்லரசு எப்படிக் கையாண்டது? இதில் தமிழர்கள் எங்கே வருகிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

கூகுள் மேப்ஸில் கன்னியாகுமரியிலிருந்து தெற்கே இறங்கிக்கொண்டே போங்கள். மாலத்தீவைத் தாண்டினால் சுமார் 500 கிலோமீட்டரில் சாகோஸ் வந்துவிடும். 60 சொச்சம் குட்டித் தீவுகள். அவற்றில் பெரியது டியேகோ கார்சியா. பரப்பளவு ஏறத்தாழ 30 சதுர கிலோமீட்டர்தான். நடுவில் நீலக் கடற்கழி, அதைச் சுற்றி மெலிந்த நிலம். மேலிருந்து பார்த்தால் ஈர மணலில் பதிந்த காலடி மாதிரி இருக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து டியேகோ கார்சியா சுமார் 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் பறக்கும் தூரம் அளவுதான். அந்தத் தீவு மக்கள் இன்று வாழும் மொரிஷியஸ் அதைவிடத் தொலைவு, 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

யார் இந்த மக்கள்?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னந்தோப்புகள் போட்டார்கள். வேலை செய்ய மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1814இல் மொரிஷியஸோடு சேர்த்துத் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு இந்தியாவிலிருந்தும் கூலித் தொழிலாளர்கள் வந்தார்கள். எல்லோரும் கலந்து, ஐந்தாறு தலைமுறையில் ஒரு தனி இனமாகவே ஆகிவிட்டார்கள். கிரியோல் அவர்கள் மொழி. 'தீவுக்காரர்' என்பதுதான் அவர்களுக்கு இருந்த பெயர்.

வாழ்க்கை தேங்காயைச் சுற்றித்தான். ஆண்கள் தேங்காய் பொறுக்கி உரிப்பார்கள். பெண்கள் உடைத்துப் பருப்பெடுப்பார்கள். கொப்பரையும் எண்ணெயும் கப்பலேறி மொரிஷியஸ் போகும். அதனால் இவற்றுக்கு 'எண்ணெய்த் தீவுகள்' என்றே ஒரு பெயர் உண்டு. கூலி குறைவு. நிலம், வீடு, கடை எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். இதைச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், வேலை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் பொழுது அவர்களுடையது. கடலில் இறங்கினால் மீன். கொல்லையில் கோழி, பன்றி. தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்கிய கறி. சனிக்கிழமை இரவில் நெருப்பு மூட்டித் தோல் மேளத்தைக் காய்ச்சி, 'செகா' பாட்டும் ஆட்டமும். ஞாயிற்றுக்கிழமை சர்ச். இறந்தவர்களைப் புதைத்த இடம், பிள்ளைகள் ஓடி விளையாடும் தூரத்தில்தான். பணம் பெரிதாக இல்லாவிட்டாலும், யாரும் பட்டினி கிடந்ததில்லை என்பதுதான் அங்கே பிறந்த முதியவர்கள் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்வது.

பிறகு ஏன் வெளியேற்றப்பட்டார்கள்?

1960களில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் வரிசையாகச் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருந்த நேரம். இந்தியப் பெருங்கடலின் நடுவில், யாரும் கேள்வி கேட்காத ஓர் இடத்தில் ராணுவத் தளம் வேண்டும் என்று அமெரிக்கா தேடியது. டியேகோ கார்சியா கண்ணில் பட்டது. அமெரிக்கா விரும்பியது ஆள் இல்லாத தீவை.

1965 நவம்பரில், மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பே, சாகோஸைத் தனியே பிரித்தெடுத்துப் புதிய காலனி ஒன்றை பிரிட்டன் உருவாக்கியது. மொரிஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1966 கடைசியில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். காகிதத்தில் வாடகை கிடையாது. ஆனால், பிரிட்டன் வாங்கவிருந்த 'பொலாரிஸ்' ஏவுகணைத் திட்டத்தில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி ரகசியமாகக் கிடைத்தது.

ஒரு சிக்கல் இருந்தது. நிரந்தரமாக வாழும் மக்கள் இருந்தால், ஐ.நா. சபைக்கு அவர்களைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அதிகாரிகள் கண்டுபிடித்த வழி எளிமையானது: அங்கே நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டும்தான் என்று சொல்லிவிடுவது. 1966ஆம் ஆண்டின் ஓர் உள் குறிப்பில், அந்த மக்களை டார்ஜான்கள் என்றும், ராபின்சன் குரூசோ கதையில் வரும் 'ஃப்ரைடே' என்ற வேலைக்காரனோடு ஒப்பிட்டும் கேலி செய்து எழுதியிருந்தார் ஒரு மூத்த அதிகாரி. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கோப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் உலகத்துக்கே இது தெரிந்தது.

"போயிட்டு வர்றோம்" என்று கிளம்பியவர்கள்

வெளியேற்றம் சத்தமில்லாமல் தொடங்கியது. மருத்துவத்துக்கோ, உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்கள் திரும்புவதற்குக் கப்பலடிக்குப் போனால், "உங்க தீவை வித்தாச்சு, இனி அங்கே போக முடியாது" என்று பதில் வந்தது.

ஒலிவியர் பான்கூல்ட் குடும்பத்துக்கு நடந்தது இதுதான். அவர் 1964இல் பெரோஸ் பான்ஹோஸ் தீவில் பிறந்தவர். 1968இல் அவருடைய சின்னஞ்சிறு தங்கையின் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. வைத்தியத்துக்காகக் குடும்பமே மொரிஷியஸ் போனது. குழந்தை பிழைக்கவில்லை. துக்கத்தோடு ஊர் திரும்பலாம் என்று போனபோது வாசல் அடைக்கப்பட்டிருந்தது. அப்போது நான்கு வயதுச் சிறுவனாக இருந்த பான்கூல்ட், பின்னாளில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே, பிரிட்டன் அரசுக்கு எதிரான வழக்குகளில் தன் மக்களின் முகமாக மாறினார்.

தீவிலேயே இருந்தவர்களுக்கு வேறு வழி கையாளப்பட்டது. தோட்டக் கம்பெனியை 1967இல் பிரிட்டன் அரசே விலைக்கு வாங்கியது. உணவு, மருந்து ஏற்றிவரும் கப்பல்கள் குறைந்தன. மருத்துவ வசதி இல்லாமல் போனது. 1971இல் டியேகோ கார்சியா முற்றிலும் காலி செய்யப்பட்டது. மக்களுடைய நாய்களைப் பிடித்து, கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்து நம் முறைதானோ என்று குழந்தைகள் பயந்ததாக அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக, 1973இல் பெரோஸ் பான்ஹோஸ் மக்கள் 'நோர்ட்வேர்' என்ற சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். சின்னப் பெட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி. கப்பல் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு வந்த பிறகும் இறங்க மாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் கடைசியில் இறங்க வேண்டியதாயிற்று. மொத்தத்தில் 1,500 முதல் 2,000 பேர் வரை தங்கள் ஊரை இழந்தார்கள்.

'சாக்ரேன்': ஒரு மொழியில் மட்டும் இருக்கும் வலி

மொரிஷியஸில் அவர்களுக்கு வீடு, வேலை எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. தேங்காய் உரிக்கவும் மீன் பிடிக்கவும் தெரிந்தவர்கள், கரும்புத் தோட்ட நாட்டில் என்ன வேலைக்குப் போவார்கள்? துறைமுகத்தை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் ஒதுங்கினார்கள். எதற்கும் பணம் வேண்டும் என்ற வாழ்க்கையே அவர்களுக்குப் புதிது. மீன், தேங்காய், விறகு என எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டிவந்தது.

அவர்களுடைய கிரியோலில் 'சாக்ரேன்' என்று ஒரு சொல் இருக்கிறது. வருத்தம் என்று மொழிபெயர்த்தால் போதாது. ஊரை விட்டுப் பிரிந்த ஏக்கம், வறுமை, அவமானம் மூன்றும் சேர்ந்து ஆளையே தின்றுவிடும் துயரம் அது. "எப்படிச் செத்தார்?" என்று கேட்டால் "சாக்ரேனில் போய்விட்டார்" என்று பதில் வரும். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் ஒரு நோய்.

ஜான் பில்ஜர் 2004இல் எடுத்த 'ஸ்டீலிங் எ நேஷன்' ஆவணப்படத்தில் லிசெட் தலாட்டே என்ற பெண் பேசுகிறார். மொரிஷியஸ் வந்து சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே தன் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அவர் சொன்ன காரணமும் துக்கம்தான். தலாட்டே போன்ற பெண்கள்தான் போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள். பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள், கைதானார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இந்தப் பெண்களின் குரல் லண்டன் வரை போனது.

இழப்பீடு வந்ததா? வந்தது, தாமதமாக. 1973இல் 6.5 லட்சம் பவுண்டு மொரிஷியஸ் அரசிடம் கொடுக்கப்பட்டது. அது மக்கள் கைக்கு வர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆனது. 1982இல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு. அதை வாங்கும்போது கைநாட்டு வைத்த காகிதத்தில், திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது என்று பலர் பின்னர் சொன்னார்கள்.

ஜெயித்தும் போக முடியாத வழக்கு

2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் பான்கூல்ட் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு பிரதேசத்தின் மக்களை ஆளத்தான் அரசுக்கு அதிகாரம் உண்டு, அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். டியேகோ கார்சியா தவிர மற்றத் தீவுகளுக்குப் போகலாம் என்றானது. ஆனால் கப்பல் இல்லை, வீடு இல்லை, குடிநீர் ஏற்பாடு இல்லை. எப்படிப் போவது?

அதற்குள் உலகம் மாறியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஆப்கானிஸ்தானிலும் பின்னர் இராக்கிலும் குண்டு வீசிய அமெரிக்க விமானங்கள் டியேகோ கார்சியாவிலிருந்து கிளம்பின. 2004 ஜூனில், நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல், ராணியின் பெயரால் பிறப்பிக்கப்படும் ஆணை மூலம் மக்களின் உரிமை மறுபடி பறிக்கப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் மக்கள் ஜெயித்தார்கள். 2008 அக்டோபரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3-க்கு 2 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாக முடித்துவைத்தார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம்.

2010இல் இன்னொரு திருப்பம். சாகோஸைச் சுற்றி 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக பிரிட்டன் அறிவித்தது. பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியம்தானே? ஆனால், மீன்பிடிக்கத் தடை என்றால், திரும்பிப் போனாலும் அங்கே பிழைக்க வழியில்லை என்று அர்த்தம். இத்தனைக்கும் அந்தக் கடலிலேயே பெரிய ராணுவத் தளம் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது. மொரிஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்யப்பட்ட இந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்று 2015இல் சர்வதேசக் கடல் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் சொன்னது.

உலக நீதிமன்றத்தில் ஒரு வீடியோ

2018 செப்டம்பர். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம். சாகோஸைப் பிரித்தது சரியா என்ற வழக்கில், லிஸ்பி எலிசே என்ற பெண்ணின் சில நிமிட வீடியோ ஓடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், தன் மொழியிலேயே பேசிப் பதிவு செய்த சாட்சியம். 1973இல் கப்பலேற்றப்பட்டபோது அவர் கர்ப்பிணி. அந்தக் குழந்தை தங்கவில்லை. பிறந்த மண்ணிலிருந்து தன்னை ஏன் பிடுங்கி எறிந்தார்கள் என்பதுதான் அவர் நீதிபதிகள் முன்வைத்த கேள்வி.

2019 பிப்ரவரியில் 13-க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது: மொரிஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமையடையவில்லை, பிரிட்டன் கூடிய சீக்கிரம் சாகோஸ் நிர்வாகத்தை முடித்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் இதை ஆதரித்தன. எதிர்த்தவை 6 மட்டுமே.

2022 பிப்ரவரியில் மொரிஷியஸ் ஏற்பாடு செய்த கப்பலில் பான்கூல்ட், எலிசே உள்ளிட்டோர் பெரோஸ் பான்ஹோஸில் கால் வைத்தார்கள். பிரிட்டன் காவல் இல்லாமல் அவர்கள் சொந்த மண்ணில் இறங்கியது வெளியேற்றத்துக்குப் பிறகு அதுவே முதல்முறை.

தமிழர்கள் எங்கே வருகிறார்கள்?

2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் சிக்கலில் மாட்டியது. உள்ளே இலங்கைத் தமிழர்கள் 89 பேர், குழந்தைகளும் சேர்த்து. பிரிட்டன் கடற்படை அவர்களை டியேகோ கார்சியாவில் கொண்டுபோய் இறக்கியது.

அகதிகளை ஏற்கும் நடைமுறையே இல்லாத ராணுவத் தீவு அது. வேலி போட்ட முகாம், கூடாரங்கள், உள்ளே எலித்தொல்லை, வாசலில் காவல். எங்கும் போக முடியாது. சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது. 2024 டிசம்பரில்தான் அங்கே எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே அதே மாதம் தீர்ப்பளித்தது.

ஒரே தீவு. பிறந்தவர்கள் உள்ளே போக முடியாமல் தவிக்க, அடைக்கலம் தேடிவந்தவர்கள் வெளியே போக முடியாமல் தவித்தார்கள். இருவரிடமும் அந்தத் தீவின் நிர்வாகம் காட்டியது ஒரே முகத்தைத்தான்.

2025 ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முக்கிய அம்சங்கள் இவை:

* சாகோஸ் முழுவதன் இறையாண்மையும் மொரிஷியஸுக்கு.
* டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு பிரிட்டன் வசம் இருக்கும். அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு.
* சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி.
* மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரிஷியஸுக்கு உரிமை உண்டு. டியேகோ கார்சியாவில் கிடையாது.

கையெழுத்தோடு வேலை முடிந்துவிடாது. இரு நாடுகளும் சட்டப்படி உறுதி செய்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

கடைசி அம்சத்தில்தான் சிக்கலே. பான்கூல்ட் போன்றவர்கள் இந்த ஒப்பந்தத்தை வரவேற்கிறார்கள். பெரோஸ் பான்ஹோஸில் பிறந்தவர்களுக்குக் கதவு திறக்க வாய்ப்பிருக்கிறது. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு? கையெழுத்தாக வேண்டிய அன்று அதிகாலையில், அந்தத் தீவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பற்றி எப்படி முடிவெடுக்கலாம் என்பதே அவர்கள் வாதம். சில மணி நேரத்தில் தடை விலக்கப்பட்டு, அன்றே கையெழுத்தும் ஆனது.

பிரிட்டனில் வாழும் சாகோஸ் மக்களில் பலர் மொரிஷியஸை நம்பவும் தயாரில்லை. அங்கே தாங்கள் இரண்டாந்தரமாகத்தான் நடத்தப்பட்டோம் என்பது அவர்கள் குறை. இந்த மக்கள் இரண்டாகப் பிரிந்திருப்பது ஊர் மேல் பாசம் குறைந்ததால் அல்ல. எந்த வழியாகப் போனால் ஊர் வரும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பார்க்காத தீவின் மேல் எப்படிப் பாசம் வரும்?

2002இல் பிரிட்டன் குடியுரிமை கிடைத்த பிறகு பலர் லண்டனுக்குத் தெற்கே, காட்விக் விமான நிலையத்தை ஒட்டிய க்ராலி நகரில் குடியேறினார்கள். 2022இல் வந்த சட்டத் திருத்தம் அடுத்த தலைமுறைகளுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. இன்று பேரப்பிள்ளைகள் குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாகோஸைக் கண்ணால் கண்டதில்லை.

ஆனாலும் அவர்களுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது. ஃபிஃபா அங்கீகாரம் இல்லாத நாடுகளுக்காக 2016இல் அப்காசியாவில் நடந்த உலகக் கோப்பையில் 'சாகோஸ் தீவுகள்' என்ற பெயரில் அது ஆடியது. மைதானம் கூட இல்லாத ஊருக்கு ஓர் அணி. மொரிஷியஸில் வயதானவர்கள் பிள்ளைகளுக்குத் தோல் மேளம் கட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். சாகோஸின் 'செகா தம்பூர்' இசையை 2019இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஊரை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருப்பதால்தான் அந்த அவசரம்.

2006இல் சுமார் 100 பேரை, சில நாட்கள் மட்டும், பார்த்துவிட்டு வர அனுமதித்தார்கள். ஊரில் இறங்கிய மக்கள் செய்த முக்கியமான வேலை, பெற்றோரின், பாட்டன் பூட்டன்களின் கல்லறைகளில் மண்டிக்கிடந்த புதரை வெட்டிச் சுத்தம் செய்ததுதான். சர்ச்சில் பிரார்த்தித்தார்கள். மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டார்கள்.

கிராமத்தை விட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து செட்டிலானவர்களுக்கு இது ஓரளவு புரியும். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் மனசு எப்படி அடித்துக்கொள்ளும்? ஆனால் அடுத்த வாரமோ, அடுத்த மாதமோ போய்விடலாம். வீடு பூட்டிக் கிடந்தாலும் சாவி நம் பையில் இருக்கும். சாகோஸ் மக்களிடம் அந்தச் சாவி இல்லை.

திரும்பிப் போக அனுமதி கிடைத்தால் எத்தனை பேர் உண்மையிலேயே போவார்கள்? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விமானம் எதுவும் இல்லாத தீவில் இளைஞர்கள் தங்குவார்களா? இது நியாயமான கேள்வி. ஆனால், ஊருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வேறு, போகவே கூடாது என்று இன்னொருவர் சொல்வது வேறு. சாகோஸ் மக்கள் கேட்பது அந்த முடிவை எடுக்கும் உரிமையை.

கப்பலில் ஏற்றப்பட்டபோது குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டது. பெரியவர்களாக ஏறியவர்களில் பலர் போர்ட் லூயிஸிலும் க்ராலியிலும் புதைக்கப்பட்டுவிட்டார்கள். அரசுகள் அடுத்த 99 ஆண்டுக்குக் கணக்குப் போடுகின்றன. அந்த ஊரை ஞாபகம் வைத்திருப்பவர்களிடம் அவ்வளவு காலம் இல்லை.